குழுவைக் கலைத்துவிட்டார்கள், இனி யாரைக் கேட்பது?

வாசகி எழுதியது:

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாக ஒரு சர்வதேசத் தன்னார்வ அமைப்பில் இருக்கிறேன். நோய்கள், பேரிடர்கள் பற்றிய துண்டறிக்கைகளைப் பல மொழிகளில் பெயர்த்து இலவசமாகக் கொடுக்கும் அமைப்பு அது. தலைமையகம் ஐரோப்பாவில். முன்பு மொழிக்கு ஒரு குழு இருந்தது. தமிழ்க் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர்.

சென்ற வருடக் கடைசியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். மொழிக் குழுக்கள் இனி கிடையாது. மொழிபெயர்ப்பு, சரிபார்ப்பு, தன்னார்வலர் நலம், வெளியீடு என்று வேலைவாரியாக நான்கு குழுக்கள். எங்கள் பகுதிக்கு ஒரு மண்டல ஒருங்கிணைப்பாளர், மணிலாவில் இருக்கிறார். ஜூம் கூட்டத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். என் பெயருக்கு எதிரே ‘ஆலோசனை உறுப்பினர்’ என்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு டெங்கு துண்டறிக்கை வந்தது. தமிழ்ச் சரிபார்ப்பு இப்போது டொரான்டோவில் இருக்கும் ஒரு தங்கையிடம், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மொழிபெயர்ப்பாளர் எழுதிய ‘கொசு’வை அவர் ‘நுளம்பு’ என்று மாற்றினார். பாதி இடங்களில்தான் மாறியது. அறிக்கை அப்படியே திருநெல்வேலிக்குப் போனது. அங்கிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்து, ‘நுளம்புன்னா என்ன மேடம்?’ என்று கேட்டார். நான் யாரைக் கேட்பது? எங்கள் குழுவில் பத்து வருடமாகச் சரிபார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். திரையில் படிப்பது அவருக்குச் சிரமம், இருந்தும் வந்துகொண்டிருந்தார். இப்போது வருவதில்லை. ‘எனக்கு அங்கே இனி என்ன வேலைம்மா’ என்றார்.

அச்சடிக்கும் செலவுப் பணத்தை என் வங்கிக் கணக்குக்கே அனுப்புவதாகவும் மணிலாவிலிருந்து சொல்கிறார்கள். பொறுப்புகளைத் தெளிவாக்கச் சொல்லிக் கேட்டால் பதவிக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைப்பார்களோ என்று தயக்கம். கேட்கலாமா, அல்லது ஒதுங்கிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ‘கொசுவா நுளம்பா, யார் சொல்வது?’ என்பது ஒன்று. ‘அங்கே நான் இனி யார்?’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மணிலாவுக்கு எழுதினால் முதல் கேள்விக்கும் பதில் வராது. முதலாவதைத் தீர்க்கும் வழியிலேயே இரண்டாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்லைடு போடுவதற்கு முன்னால் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். ஆறு வருடம் ஒரு பொறுப்பைச் சுமந்தவருக்கு அது முடிகிறது என்பதை நேரில், பெயர் சொல்லி, நன்றி சொல்லித் தெரிவிக்க வேண்டும். சம்பள வேலையில் இதற்கு ஒரு ஆணைக் கடிதமாவது வரும். தன்னார்வ அமைப்புகளில் அதுவும் இல்லாததால், சொல்லத் தேவையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம். அதைப் பதவி ஆசை என்று நீங்களே பெயர் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இருபது வருடத்துக்கு மேலாகத் தொண்டு நிறுவனங்களுக்கு ஆள் நிர்வாகத்தில் ஆலோசனை சொல்லி வருகிறேன். ஆரம்ப காலத்தில் இப்படி ஒரு சார்ட்டை நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். இரத்த தானம் ஏற்பாடு செய்யும் ஒரு சிறிய அமைப்பு. பதிவு, தொடர்பு, முகாம் என்று அழகாகப் பிரித்தேன். அங்கே ஒரு அம்மா இருந்தார். நள்ளிரவில் இரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் எந்தப் பகுதியில் யார் எழுந்து போவார்கள், யாருக்கு வண்டி இருக்கிறது, யாருக்குத் தேர்வு நேரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அது எந்தக் கட்டத்திலும் வராததால் என் சார்ட்டில் அவருக்குப் பெயரளவில் ஒரு இடம்தான் கிடைத்தது. சில மாதங்களில் இரவு அழைப்புகளை எடுக்க ஆளில்லாமல் போனது. நான் அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தாலே போதும். அந்தப் பாடத்திலிருந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் அமைப்பிலும் இதுதான் நடந்திருக்கிறது. மேலே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிந்த வேலைகளைப் பிரித்தார்கள். மொழிபெயர்ப்பது தெரிந்தது, சரிபார்ப்பது தெரிந்தது, வெளியிடுவது தெரிந்தது. நீங்கள் மனதுக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்த முடிவுகள் தெரியவில்லை. ‘இது நாகப்பட்டினத்துக்குப் போகிறது, கொசு என்றே இருக்கட்டும், அது கிளிநொச்சிக்குப் போகிறது, நுளம்பு என்று போடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரி எந்தக் குழுவின் வேலை என்று கேட்க, வரைந்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. தமிழ் தெரியாதவர்களுக்குத் தோன்ற வழியும் இல்லை.

ஆகவே முதல் வேலை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து, கடந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் மின்னஞ்சல்களையும் பின்னோக்கிப் பாருங்கள். உங்களிடம் ஏதாவது கேட்ட ஒவ்வொரு செய்தியையும் ஒரு வரியாக எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வேலை என்ன கொடுப்பது, ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டால் யாரிடம் மாற்றுவது, கல்லூரி மாணவிக்குச் சான்றிதழ் யார் கையெழுத்தில், அவசரமாக வந்த வெள்ள அறிவிப்பைச் சரிபார்க்காமல் அனுப்பலாமா, ஒரு மாவட்ட அதிகாரி பிழை என்று சொன்னால் யார் திருத்துவது. இப்படி இருபது, இருபத்தைந்து வரிகள் வரும். பல வரிகள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியாகத்தான் இருக்கும்.

அந்தப் பட்டியலில் யாருடைய பதவிப் பெயரையும் எழுதாதீர்கள். பொதுவாக ‘மொழி ஒருங்கிணைப்பாளரின் கடமைகள்’ என்று தொடங்கித்தான் எழுதுவார்கள். அப்படி எழுதினால் படிப்பவர் கண் பதவியில்தான் நிற்கும். உங்கள் பழைய பதவியைத் திரும்பக் கேட்கிறீர்கள் என்றுதான் தோன்றும். முடிவுகளை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றே விவரம்: வேலையைச் செய்வது யார், கருத்து வேறுபட்டால் கடைசிச் சொல் யாருடையது, முடிவானதும் யாருக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிகளில் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விதப் பொறுப்பு குறிக்கும் அட்டவணை ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கலாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் கொடுக்கிற தன்னார்வலருக்கு அது பெரிய பாரம். மூன்று விவரமே தாங்கும். அதிலும் நடுவில் இருப்பதுதான் உயிர். அந்தக் கட்டம் எங்கெல்லாம் காலியாக இருக்கிறதோ அங்கெல்லாம் உங்களுக்குப் போன் வந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நுளம்புக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

டொரான்டோவில் இருக்கும் அந்தத் தங்கை தவறு செய்யவில்லை. ஈழத்தில் கொசுவுக்கு நுளம்புதான் சொல். மருத்துவமனை அங்கே வைத்தியசாலை. காய்ச்சலுக்கு நாம் பாராசிட்டமால் என்று எழுதுகிற இடத்தில் அங்கே பனடோல் என்றால்தான் பாட்டிக்கும் புரியும். டெங்குவில் இது சாதாரண விஷயமும் இல்லை. ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறோம், பாராசிட்டமால் மட்டும் எடுக்கலாம் என்கிறோம். எந்த மாத்திரை என்பது படிப்பவர் வீட்டில் புழங்கும் பெயரில் இருந்தால்தான் அந்த எச்சரிக்கைக்குப் பயன். ஆக, அவர் தன் ஊர்ப் பாட்டியை நினைத்துத் திருத்தியிருக்கிறார். உங்கள் மொழிபெயர்ப்பாளர் திருநெல்வேலிப் பாட்டியை நினைத்து எழுதியிருக்கிறார். இருவருமே நல்ல வேலைதான் செய்தார்கள். இந்தத் தாள் எந்தப் பாட்டிக்குப் போகிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

எனவே ‘தமிழில் சொல் தேர்வு: கடைசிச் சொல் யாருடையது?’ என்று ஒரே வரியாக எழுதினால் சண்டைதான் வரும். ‘தமிழ்நாட்டுக்குப் போகும் அறிக்கையில் சொல் தேர்வு’, ‘இலங்கைக்குப் போகும் அறிக்கையில் சொல் தேர்வு’ என்று இரண்டு வரியாக எழுதுங்கள். முதலாவதில் தமிழ்நாட்டில் இருக்கும் ஒருவருக்கும், இரண்டாவதில் ஈழ வழக்கு தெரிந்த ஒருவருக்கும் கடைசிச் சொல். மலேசியாவுக்கு அனுப்பத் தொடங்கினால் மூன்றாவது வரி. வெளியீட்டுக் குழுவிடமும் ஒன்று கேளுங்கள். கணினியில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று தனித்தனிக் குறியீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் அமைப்பின் தளத்தில் தமிழுக்கு ஒரே கோப்புதான் என்றால், அதை இரண்டாகத் திறக்கச் சொல்லுங்கள். கோப்பு ஒன்றாக இருக்கும்வரை ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மாற்றிக்கொண்டேதான் இருப்பார்.

யார் பெரியவர் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த நிலைமையில் யார் முன்னால் நிற்பது என்று கேட்கும் வழி புதிதல்ல. உலகின் மிகப் பெரிய தன்னார்வ இயக்கங்களில் ஒன்று பல பத்தாண்டுகள் முட்டி மோதித்தான் அந்த இடத்துக்கு வந்தது. செஞ்சிலுவை என்றால் ஒரே அமைப்பு என்று நாம் நினைக்கிறோம். 1863-ல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேசக் குழு போர்க்களத்துக்காகப் பிறந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், பல நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்கள் சேர்ந்து ஒரு லீக்கைத் தொடங்கின. நோய், பேரிடர் போன்ற அமைதிக் கால வேலை அதற்கு. அதுதான் 1991 முதல் சர்வதேசக் கூட்டமைப்பு என்ற பெயரில் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியச் சங்கம். ஒரே குடும்பத்தில் இத்தனை பேர். ஒரு நாட்டில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தால் யார் ஒருங்கிணைப்பது?

1969-லும் 1989-லும் இதற்கு உடன்படிக்கை எழுதினார்கள். 1997-ல் ஸ்பெயினின் செவில் நகரில் மூன்றாவது. அந்தச் செவில் உடன்படிக்கையின் அடிப்படை எளிமையானது. ஆயுதப் போர் நடக்கும் இடத்தில் சர்வதேசக் குழு முன்னிற்கும். இயற்கைப் பேரிடரில் சர்வதேச உதவியைக் கூட்டமைப்பு ஒருங்கிணைக்கும். சில நிலைமைகளில் அந்த நாட்டின் சங்கமே முன்னிற்கலாம். முன்னிற்பவர் மற்றவர்களுக்கு முதலாளி ஆகிவிடுவதில்லை. அவரவர் பொறுப்பு அவரவருக்கு இருக்கும். அப்படியும் தாளில் எழுதியதோடு முடியவில்லை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை இலங்கையைத் தாக்கியபோது, உள்நாட்டுப் போரின் காரணமாகச் சர்வதேசக் குழு அங்கே ஏற்கெனவே பல வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது. பேரலையோ இயற்கைப் பேரிடர், அது கூட்டமைப்பின் பக்கம். ஒரே கரையில் இரண்டு நிலைமையும் சேர்ந்துவிட்டன. அடுத்த வருடம், 2005-ல், சியோலில் கூடியபோது உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தத் துணை விதிகளைச் சேர்த்தார்கள். 2022-ல் மொத்தத்தையும் திருப்பி எழுதி, சம்பவம் நடக்கும் நாட்டின் சங்கத்துக்கு முன்பைவிடப் பெரிய இடம் கொடுத்தார்கள்.

ஜெனீவாவில் முழுநேர ஊழியர்களும் சட்ட நிபுணர்களும் வைத்திருப்பவர்களுக்கே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. உங்கள் பட்டியலும் முதல் தடவையில் சரியாக அமையாது. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். கீழே ஒரு தேதி போட்டு, ‘மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம்’ என்று எழுதிவிடுங்கள்.

கடைசிச் சொல் ஒருவருக்கு என்று எழுதினால் போதுமா? அதை மேலே இருப்பவர் நினைத்தபோதெல்லாம் புரட்டினால் எழுதியதே வீண். இதில் டெபியன் என்ற தன்னார்வத் திட்டம் காட்டும் வழி எனக்குப் பிடிக்கும். கணினியை இயக்கும் லினக்ஸ் வகை மென்பொருள் ஒன்றை உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் 1993-லிருந்து சேர்ந்து உருவாக்கி வருகிறார்கள். 1998-ல் தங்களுக்கென்று ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். அதன்படி தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் சில முடிவுகளை வேறு சிலரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கப்பட்டவரை மாற்றவும் தலைவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் எடுத்து முடித்த ஒரு முடிவைத் தலைவர் மாற்றிப் போட முடியாது. இன்ன முடிவெடுத்தால்தான் பொறுப்பில் வைப்பேன் என்று நிபந்தனை போடவும் முடியாது. உங்கள் பட்டியலின் அடியில் இதே பொருளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதே சாசனத்தில் இன்னொன்றும் உண்டு. யாரும் எந்த வேலையும் செய்யக் கட்டாயம் இல்லை. ஒப்படைத்த வேலையைச் செய்ய விருப்பமில்லை என்றால் செய்யாமல் இருக்கலாம். ஆனால் முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது. தன்னார்வலரின் உரிமையும் எல்லையும் இதற்குள் வந்துவிடுகின்றன. நீங்கள் ஒதுங்கிவிடலாமா என்று கேட்டீர்களே, அதற்கும் இது பொருந்தும். விலகுவது உங்கள் உரிமை. ஆனால் பெயருக்கு உள்ளே இருந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ‘எனக்குத் தெரியாது, மணிலாவைக் கேளுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்கும் கசக்கும், அவர்களுக்கும் கசக்கும்.

சரி, யாரிடம் முதலில் பேசுவது? மணிலாவிடம் இல்லை, டொரான்டோவிடம். அந்தத் தங்கையைத் தாண்டி மேலே எழுதினால், அவரைப் பற்றிப் புகார் எழுதியதாகத்தான் அவருக்குத் தெரியும். கோவையில் சனிக்கிழமை இரவு எட்டரை மணி என்றால் டொரான்டோவில் கோடையில் காலை பதினொன்று, குளிர்காலத்தில் பத்து. நல்ல நேரம். டெங்கு அறிக்கையை முதலில் எடுக்காதீர்கள். அவருக்கு என்ன பொறுப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள், எதில் குழப்பமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவருக்கும் ஒரு ஸ்லைடுதான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அக்கா ஒருவர் ஆறு வருடம் பார்த்த வேலையில் ஒரு பகுதி தன்னிடம் வந்திருக்கிறது, அவர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் அந்தப் பக்கமும் இருக்கலாம். பேசி முடித்து, உங்கள் பட்டியலை அவரிடம் காட்டி, காலியாக இருக்கும் கட்டங்களை இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். தகராறு வரும் வரிகளை அப்படியே காலியாக விட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இருவர் பெயரிலும் போகும் பட்டியலைப் பார்த்து யாரும் பதவிக்கு ஆசைப்படுகிறார் என்று சொல்ல மாட்டார்கள்.

மணிலாவுக்கு எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: இதை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் யாருக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விக்கிப்பீடியாவுக்குப் பின்னால் இருக்கும் விக்கிமீடியா இயக்கத்தில் தன்னார்வலர்கள், கிளை அமைப்புகள், அறக்கட்டளை ஆகியோரின் பொறுப்புகளை வரையறுக்க ஒரு சாசனம் எழுதினார்கள். 2021 கடைசியில் வரைவுக் குழு தொடங்கி, இரண்டரை வருடம் உழைத்து, 2024 ஜூன், ஜூலையில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த தனிநபர்களிலும் கிளை அமைப்புகளிலும் பெரும்பான்மை ஆதரவு. ஆனால் அறக்கட்டளையின் அறங்காவலர் குழு ஏற்கவில்லை. மூன்று தரப்பும் ஒப்ப வேண்டும் என்பது விதி, ஆகவே அது அமலுக்கு வரவில்லை. அவரவருக்கு அவரவர் காரணம் இருந்தது, அதற்குள் நான் போகவில்லை. அத்தனை பேரின் அத்தனை மாலை நேரங்களை நினைக்கும்போது எனக்கு மனது வலிக்கிறது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

கடிதம் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

‘புதிய அமைப்பில் தமிழ் வேலை சீராக நடக்க, கடந்த இரண்டு மாதத்தில் யார் முடிவெடுப்பது என்று தெரியாமல் நின்றுபோன விஷயங்களை நாங்கள் இருவரும் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவற்றுக்கு எங்கள் பரிந்துரை இருக்கிறது. நான்கைந்துக்கு உங்கள் முடிவு தேவை. இதை ஒப்புக்கொள்வது உங்கள் அதிகாரத்தில் இருக்கிறதா, வேறு யாரையும் கேட்க வேண்டுமா? என் பெயருக்கு எதிரே உள்ள ஆலோசனை உறுப்பினர் என்ற பொறுப்பில் எந்த முடிவுகள் அடங்கும் என்பதையும் எழுதித் தாருங்கள். எதுவும் இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப நான் திட்டமிட்டுக்கொள்வேன்.’

கடைசி இரண்டு வரியை எடுத்துவிட வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேதான் வரும். கூடிப் பேச வேண்டுமென்றால் இந்திய நேரம் மாலை ஐந்தரை பாருங்கள். மணிலாவில் இரவு எட்டு, டொரான்டோவில் கோடையில் காலை எட்டு. யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் பற்றி ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் உறுதியாக இருங்கள்: உங்கள் சொந்தக் கணக்குக்கு வாங்காதீர்கள். வெளிநாட்டு அமைப்பிலிருந்து சமூகப் பணிக்காக வரும் பணம் 2010-ன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பும் அந்தப் பணத்தை தில்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். பெற்றதை வேறு அமைப்புக்கோ ஆளுக்கோ மாற்றிக் கொடுக்க முடியாது. மணிலாவில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்காது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒரு பட்டயக் கணக்காளரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். தலைமையகமே அச்சகத்துக்கு நேரடியாகக் கட்ட முடியுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, சிறியதுதான். தமிழ் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். பழைய சொற்பட்டியல் கோப்பும் உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கும். இன்றே டொரான்டோ தங்கையை இரண்டாவது அட்மினாகப் போடுங்கள், கோப்பை அமைப்பின் கணக்குக்கு மாற்றுங்கள். பொறுப்பு தெளிவாகும்வரை சாவியைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படி வைத்திருப்பதுதான் மற்றவர்களைச் சந்தேகப்பட வைக்கும். நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் வேலையும் நின்றுவிடும்.

இருப்பதா விலகுவதா என்பதற்கு வருகிறேன். கடிதம் அனுப்பி ஆறு வாரம் பொறுங்கள். பதில் வந்து, அதில் உங்களுக்கு என்று சில முடிவுகளாவது இருந்தால், வாரம் எத்தனை மணி நேரம், எந்த மாதம்வரை என்று சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். முன்பு ஆறு வருடம் முடிவுத் தேதியே இல்லாமல் செய்தீர்கள், இந்த முறை ஒரு வருடம் என்று எழுதுங்கள். முடிவு எதுவும் உங்களிடம் இல்லை என்று பதில் வந்தால், சாதாரண மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்க மனது ஒப்புகிறதா என்று பாருங்கள். சிலருக்கு அது பெரிய நிம்மதியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பதிலே வராவிட்டால், ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்துவிட்டு, எல்லாருக்கும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் கைத்திறன் தேவைப்படும் இடங்கள் கோவையிலேயே உண்டு.

உங்கள் தமிழாசிரியர் விஷயத்தில் மட்டும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். போனில் பேச வேண்டாம், நேரில் போய்ப் பாருங்கள். ‘என்ன வேலைம்மா’ என்று அவர் கேட்டிருக்கிறார், அதற்கு ஒரு வேலையோடு போக வேண்டும். ‘வாங்க சார், எல்லாரும் உங்களைத் தேடறாங்க’ என்று சொல்வது அன்புதான், ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் ஆகாது. இரண்டு ஊர் வழக்கையும் அருகருகே வைத்து ஒரு சொற்பட்டியல் இப்போது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். கொசு, நுளம்பு, மருத்துவமனை, வைத்தியசாலை, இப்படி ஒரு முந்நூறு சொல். தமிழ்நாட்டுப் பக்கத்துக் கட்டத்தில் கடைசிச் சொல் அவருடையதாக இருக்கட்டும். இதைப் பற்றி டொரான்டோவிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்கிவிட்டுப் போங்கள். பழைய பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஓரத்தில் எழுத இடம் விட்டு, ஒரு சிவப்புப் பேனாவோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் தாளில் திருத்தட்டும், தட்டச்சு செய்வதற்கு இளையவர் ஒருவரைக் கூட அனுப்புங்கள்.